பண்டிகைப் பரிசில் பனைக்கும் ஒரு பங்கு

தலைத் தீபாவளிக்கு மருமகனுக்கு வேட்டி, சட்டை, பலகாரம். பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் பொங்கல்படி. கிறிஸ்துமஸுக்கு அண்டை வீட்டாருக்குக் கேக்கும் முறுக்கும். பண்ணையாட்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது துணிமணி. எவ்வளவு சிறிய குடும்பமானாலும் இந்தச் செலவைத் தவிர்க்க முடிவதில்லை. கடன் வாங்கியாவது செய்கிறார்கள். அந்தச் செலவு கூடாது என்று சொல்ல வருவதல்ல இக்கட்டுரை. செய்தே தீர வேண்டிய செலவு யார் கையில் போய்ச் சேருகிறது என்பதைச் சற்றுக் கவனித்தால், அதே பணத்தில் விவசாயிக்கும் கிராமத் தொழிலாளிக்கும் வேண்டிய ஒரு நல்ல காரியமும் நடக்கும் என்பதே செய்தி.

பரிசுப் பைக்குள் என்ன வைக்கப்படுகிறது என்பது விவசாயிக்கு எவ்வளவு முக்கியம் என்பதை 2022 டிசம்பரில் தமிழ்நாடு முழுவதும் கண்டது. 2023 பொங்கலுக்கு நியாய விலைக் கடைகளில் வழங்க இருந்த அரசுப் பரிசில் அரிசி, சர்க்கரை, ரொக்கம் இருந்தன, கரும்பு இல்லை. அரசு வாங்கும் என்று நம்பிப் பன்னீர்க் கரும்பு பயிரிட்டிருந்த விவசாயிகள் திகைத்துப் போனார்கள். போராட்டம் நடந்தது. டிசம்பர் மாதக் கடைசியில் முழுக் கரும்பு ஒன்றையும் சேர்த்து வழங்க அரசு முடிவு செய்தது. பரிசு பெறுபவருக்கு அது ஒரே ஒரு கரும்புதான். ஆனால் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளுக்கு ஒன்று வீதம் என்று கணக்கிட்டால், கரும்பு பயிரிட்டவருக்கு அதுவே ஆண்டு வருமானம். வீட்டுச் செலவிலும் இதே கணக்குத்தான், அளவு மட்டும் சிறியது.

காந்தியடிகளுக்குக் கிடைத்த பதில்

நல்ல காரியத்துக்காக ஒரு பொருளை வாங்குங்கள் என்று சொன்னால், "விலை கட்டுப்படியாகவில்லையே" என்ற பதில்தான் முதலில் வரும். இது இன்று நேற்று வந்த பதில் அல்ல. 1921-ல் காந்தியடிகள் தமிழ்நாட்டில் பயணம் செய்தபோது, கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் பணம் இல்லை என்று ஏழை மக்கள் சொன்னதைக் கேட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் அரையாடை பூண்டதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம். ஏழைக்குக் கட்டுப்படியாகாத கதரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். இன்றும் நல்ல காரியத்தின் பெயரால் விற்கப்படும் பொருள்களில் சில, நகரத்தில் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே ஏற்ற விலையில் இருக்கின்றன. இரண்டு ஏக்கர் மானாவாரிக்காரர் அவற்றின் பக்கம் போக வேண்டியதில்லை.

குறைந்த விலையிலும் பெரிய காரியம் நடந்திருக்கிறது. டென்மார்க் நாட்டில் ஐனார் ஹோல்போல் என்ற அஞ்சல் ஊழியர், கிறிஸ்துமஸ் வாழ்த்து உறைகளின் மேல் கூடுதலாக ஒட்ட ஒரு சிறு முத்திரை விற்று, அந்தப் பணத்தைக் காசநோய் ஒழிப்புக்குத் திரட்டலாம் என்று யோசனை சொன்னார். 1904-ல் அது நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்த்து 1907-ல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் எமிலி பிஸ்ஸல் என்ற பெண்மணி, ஒரு சிறு காசநோய் மருத்துவமனையைக் காப்பாற்றுவதற்காக ஒரு முத்திரை ஒரு சென்ட் வீதம் விற்கத் தொடங்கினார். 300 டாலர் தேவை என்று தொடங்கியவருக்கு அதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு சேர்ந்தது. நம் பள்ளிக்கூடங்களிலும் காசநோய் முத்திரை விற்றது ஊரில் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். விலை சிறியதாக இருந்ததால்தான் எல்லோரும் வாங்கினார்கள்.

கருப்பட்டி

தமிழ்நாட்டு விவசாயிக்குப் பொருத்தமான ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டுமானால் பனையைச் சொல்லலாம். நம் மாநில மரம் அது. உழவு இல்லை, உரம் இல்லை, தண்ணீர் இல்லை; வரப்பிலும் தேரி மணலிலும் தானே நிற்கும். செங்கல் சூளைக்கு அடிமாட்டு விலைக்கு வெட்டிக் கொடுக்கப்பட்ட மரங்கள் ஏராளம். தமிழக அரசு 2021 ஆகஸ்டு 14 அன்று முதன்முதலாகத் தனியே அளித்த வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் திட்டமும் அதில் இருந்தது. ஊர்தோறும் இளைஞர்கள் ஏரிக்கரையிலும் குளக்கரையிலும் பனங்கொட்டை ஊன்றி வருகிறார்கள். இவை எல்லாம் நல்லவையே. எனினும், மரத்திலிருந்து வருமானம் இல்லாவிட்டால் எந்த அனுமதி முறையும் மரத்தை நெடுநாள் காக்காது. ஏறுவதற்கு ஆள் இருந்து, இறக்கிய பதநீருக்கு விலையும் கிடைத்தால்தான் பனை நிற்கும்.

பனையேறுபவரின் உழைப்பை அறிந்தால்தான் கருப்பட்டி விலையின் நியாயம் புரியும். மரம் பாளை விட, விதை ஊன்றியதிலிருந்து பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். தென் மாவட்டங்களில் தை, மாசியில் தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். பாளையைப் பக்குவமாக நசுக்கி, நுனியைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்க வேண்டும். ஒரு நாள் சீவத் தவறினாலும் பாளையின் ஓட்டம் குறையும். இறக்கிய பதநீரை அன்றன்றே வடிகட்டிக் காய்ச்சியாக வேண்டும். இந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. விடிலியின் புகையிலும் வெக்கையிலும் மணிக்கணக்கில் நின்று கிண்டி, பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றுகிறார்கள். ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். விறகுச் செலவு வேறு.

ஆகவே கரும்பு வெல்லத்தின் விலைக்குக் கருப்பட்டி தருகிறேன் என்று எவராவது சொன்னால், அது கருப்பட்டியாக இருக்க வழியில்லை. சீனியையும் வெல்லப்பாகையும் கலந்து காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் பார்வைக்கு அதுவும் கருப்பட்டிதான். உடைத்த இடத்தில் சீனி மணிகள் மின்னினால் சந்தேகப்படலாம். கரைத்த நீரில் பதநீருக்கே உரிய வாசனையும் சற்றே கார்ப்பான சுவையும் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் வீட்டில் செய்யும் இத்தகைய சோதனைகள் முழு உறுதி தரமாட்டா. கலப்படம் செய்பவர் இவற்றையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிந்தவர். காய்ச்சுபவரை நேரில் அறிந்து வாங்குவதே உறுதியான வழி. அடுத்தபடியாகப் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களிலும், கதர் கிராமத் தொழில் வாரிய விற்பனை நிலையங்களிலும், சர்வோதய சங்கங்களிலும் வாங்கலாம். போலியை வாங்கிப் பரிசளித்தால் காசு வீணாவது மட்டுமல்ல, உண்மையான கருப்பட்டியின் விலையும் அதனால் அடிபடுகிறது. பனையேறுபவருக்கு நம்மாலேயே கெடுதல் நேருகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு மருந்து என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அதில் மிகுதியாக இருப்பது கரும்புச் சர்க்கரையில் உள்ள அதே சர்க்கரைதான். நோயுள்ள பெரியவர்களுக்கு அப்படிச் சொல்லிப் பரிசளிப்பது தவறு.

விலை குறைந்த காலத்தில் வாங்குதல்

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. பொங்கல் தையில். இரண்டும் பதநீர்க் காலம் அல்ல. அப்போது கடையில் உள்ளது, வியாபாரிகள் சித்திரை, வைகாசியில் வாங்கிச் சேமித்து வைத்த சரக்கு. இடைக்காலத்தில் ஏறிய விலை முழுவதும் சேமித்தவருக்கே. பனையேறும் குடும்பமோ பல இடங்களில் பருவம் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். சரக்கு வரும்போது அவர் வைத்ததே விலை.

இங்கேதான் சிறு விவசாயிகளும் மகளிர் குழுக்களும் நுழைய இடம் இருக்கிறது. தீபாவளிச் சீட்டு நமக்குப் பழக்கமான ஒன்று. ஒரு தெருவில் 20 குடும்பங்கள் மாதம் ரூ.50 வீதம் சேர்த்தால் மாதம் ரூ.1,000 ஆகிறது. ஒரு தீபாவளி முடிந்த ஐப்பசியில் தொடங்கி வைகாசி வரை எட்டு மாதத்தில் ரூ.8,000. அதில் மாசி வரை சேர்ந்த ரூ.5,000-ஐ, அறிமுகமான ஒரு பனையேறும் குடும்பத்துக்கு வட்டியில்லா முன்பணமாகக் கொடுத்து, வைகாசியில் அன்றைய விலைக்குச் சரக்காக எடுத்துக்கொள்ளலாம். மீதியை அப்போது கொடுத்தால் போதும். "அன்றைய விலைக்கு" என்பதை விட்டுவிடக் கூடாது. முன்பணம் கொடுத்தோம் என்பதற்காக விலையைக் குறைத்தால் வியாபாரிக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை. பருவத்தில் இயல்பாகவே விலை தணிந்திருக்கும். அந்த ஆதாயமே போதும். எழுத்தில் ஒரு சிறு ஒப்பந்தம் இருப்பது இரு தரப்புக்கும் நல்லது. அறிமுகம் இல்லாதவர் நடத்தும் சீட்டில் மட்டும் பணம் கட்டக் கூடாது. தீபாவளிச் சீட்டில் ஏமாந்தவர்கள் இல்லாத ஊர் குறைவு.

பனை இல்லாத மேற்கு மாவட்ட ஊர்களில் இருப்பவர்கள் தென் மாவட்டத்திலுள்ள ஒரு குழுவோடு தொடர்பு வைத்துக்கொண்டு இதையே செய்யலாம். உடன்குடி, திருச்செந்தூர் பக்கமும், ராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பகுதிகளிலும் கருப்பட்டி காய்ச்சும் ஊர்கள் நிறைய உண்டு.

வாங்கிய சரக்கை ஐப்பசி வரை காப்பதுதான் கடினமான பகுதி. கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும் தன்மையுடையது. ஆடிக் காற்றில் ஒன்றும் ஆகாமல் இருக்கும் சரக்கு, வடகிழக்குப் பருவமழை தொடங்கியவுடன் இளகி ஒட்டிக்கொள்ளும். முன்பு அடுப்புக்கு மேலே பரணில் ஓலைப்பெட்டியில் வைத்தார்கள். கீழிருந்து வரும் வெப்பமும் புகையும் அதை உலர்வாக வைத்தன. எரிவாயு அடுப்பு வந்த வீடுகளில் அந்த வசதி இல்லை. நன்கு உலர்ந்த சரக்காகப் பார்த்து வாங்கி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, மூடி இறுகப் பொருந்தும் தகர டின்னில் அடுக்கி, தரையில் படாமல் பலகையின் மேல் வைக்க வேண்டும். ஈரக் கையால் எடுக்கக் கூடாது. புரட்டாசியில் நல்ல வெயில் நாளில் ஒரு முறை திறந்து பார்த்து, கசிவு கண்டவற்றை உடனே வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பரிசாகக் கொடுக்கும்போது அளவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சுக்கு, மிளகு, ஏலம் சேர்த்துச் சிறிதாக ஊற்றிய சில்லுக் கருப்பட்டி கால் கிலோவை ஓர் ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் மரியாதையாகவே இருக்கும். அந்தப் பெட்டியே பாதிப் பரிசு. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திருமணங்களில் தாம்பூலம் கொடுக்க அதை விரும்பி வாங்குகிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டிலும் பெண்கள் ஓலைப் பொருள்கள் செய்கிறார்கள். பிளாஸ்டிக் டப்பா அடுத்த வாரம் குப்பைக்குப் போகும். ஓலைப்பெட்டி பத்து ஆண்டு வெங்காயம் போட்டு வைக்க உதவும். ஆனால் ஓலைக்காக ஒரே மரத்தில் குருத்தைத் தொடர்ந்து வெட்டினால் மரம் நலிந்துவிடும். பெட்டி முடைபவர்களும் ஓலை விற்பவர்களும் மரத்தை மாற்றி மாற்றி வெட்டுவது அவசியம்.

பொங்கல்படிக்குக் கிழங்கு

தென் மாவட்டங்களில் பொங்கல்படியில் பனங்கிழங்குக் கட்டு இல்லாமல் இருக்காது. இதைவிட மலிவான பரிசு கிடையாது. ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழக் கொட்டைகளைப் பொறுக்கி, மணற்பாங்கான இடத்தில் மண்ணைப் பொலபொலவென்று கொத்தி மேட்டுப்பாத்தி அமைத்து, கொட்டைகளை நெருக்கமாகப் பரப்பி மணலால் மூடினால், மழையிலேயே முளைத்து மார்கழிக் கடைசியில் கிழங்கு எடுக்கலாம். மண் இறுகியிருந்தால் கிழங்கு கோணலாகும். காசு செலவே இல்லாமல் பத்து வீட்டுக்குப் படி கொடுத்தபின், மிஞ்சியதைச் சந்தையில் விற்றுச் சில்லறையும் பார்க்கலாம்.

பழமெல்லாம் கிழங்காகிவிட்டால் மரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழும். பொறுக்கியதில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வரப்பிலோ வேலியோரத்திலோ பத்தடிக்கு ஒன்றாக, ஓரடி ஆழத்தில் நேரடியாக ஊன்றிவிட வேண்டும். முளை நேரே கீழ் நோக்கி இறங்குவதால், நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவது எளிதல்ல.

விதையும் துணியும்

நிலம் உள்ள உறவினருக்கு விதை நெல்லைவிடப் பெரிய பரிசு ஏது? திருவாரூர் மாவட்டம் ஆதிரெங்கத்தில் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழாவில் இதை ஓர் இயக்கமாகவே செய்து காட்டியவர் நெல் ஜெயராமன். வரும் விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதை நெல் விலையின்றிக் கொடுக்கப்படும். அடுத்த ஆண்டு அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த 4 கிலோ இன்னும் இருவருக்குப் போகும். இந்த முறையில் 174 பாரம்பரிய நெல் வகைகளை மீட்டதாக அவர் பெயர் பெற்றார். 2018 டிசம்பர் 6 அன்று அவர் காலமானார்.

வாங்குபவரின் நிலத்தையும் பட்டத்தையும் பார்த்தே விதை கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா உயரமாக வளர்வது, வயதும் அதிகம். தழைச்சத்து மிகுந்த வயலில் சாய்ந்துவிடும். பழைய விதையைப் பரிசளித்தால் உறவே கெடும். ஈரச் சாக்கில் 100 விதையை வைத்து, 80-க்குக் குறையாமல் முளைக்கிறதா என்று பார்த்த பின்பே கொடுக்க வேண்டும். ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மேல் போகாமல் காய வைத்திருக்க வேண்டும்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காந்தி ஜயந்தியை ஒட்டிக் கதருக்கும், தீபாவளியை ஒட்டிக் கோ-ஆப்டெக்ஸ் கைத்தறிக்கும் தள்ளுபடி கிடைக்கிறது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, ஒரு துண்டோ நாலு முழ வேட்டியோ வாங்கினாலும் போதும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும் கடைகள் நிறைய உண்டு.

நாமே விற்கலாம்

வாங்குபவராக மட்டும் விவசாயி இருக்க வேண்டியதில்லை. நகரத்துத் தொழிற்சாலைகளும் வங்கிகளும் பள்ளிகளும் ஆண்டுதோறும் தீபாவளிக்கு ஊழியர்களுக்கு இனிப்புப் பெட்டி கொடுக்கின்றன. அரைக் கிலோ சீரகச் சம்பா, கால் கிலோ கருப்பட்டி, ஒரு பொட்டலம் எள்ளுருண்டை அடங்கிய ஓலைப்பெட்டியை ஒரு மகளிர் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கொடுக்க முன்வந்தால், வாங்குவதற்கு மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆவணி மாதமே மாதிரிப் பெட்டியுடன் போய்ப் பார்க்க வேண்டும். ஐப்பசி பிறந்த பின் போனால் கடைக்காரர்கள் முந்தியிருப்பார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து, எடை, தேதி, விலை, முகவரி ஆகியவற்றைச் சீட்டில் அச்சிட வேண்டும். இன்ன ஊரில் இன்ன குழுவினர் காய்ச்சியது என்று ஒரு வரியும் இருந்தால், வாங்குபவர் அடுத்த ஆண்டு தேடி வருவார். ஏழைக்கு உதவி என்று மட்டும் அச்சிட்டுத் தரம் குறைந்ததைக் கொடுத்தால் ஒரு முறைதான் வாங்குவார்கள்.

முதல் ஆண்டு 50 பெட்டிகளுக்கு மேல் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது. கருப்பட்டியை நிறுத்துப் பெட்டியில் போடும் வேலையைத் தீபாவளிக்குப் பத்து நாள் முன்பாக, மழை வெறித்த ஒரு நாள் பகலில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் உட்புறம் மெழுகுத்தாள் போட மறக்கக் கூடாது.